பூச்சி ஒட்டாத ரேடியேட்டர்

கண்ணால் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்லி நீங்கள் எப்போதாவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரின் விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம், அலுவலகத்தில் மேசை மேசையாகச் சுற்றி வரும் ஒரு தாள். "சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்துதாங்க" என்று பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்திருப்பார்கள். போட்டிருப்பீர்கள். அடுத்த நிமிடம் மறந்தும் இருப்பீர்கள். அந்தத் தாளில் யாருடைய பெயர் இருந்ததோ அந்த ஆள் மறந்திருக்க மாட்டார்.

மரக்கடைக்கும் ஐஸ் கம்பெனிக்கும் நடுவில், பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதுப்பித்துக் கொடுக்கும் பட்டறை ஒன்று. ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன் ஓடிய வண்டிகள். இரண்டே பேர் உட்காரலாம். தரையைத் தடவிக்கொண்டு போகும். யாரோ ஒருவருடைய பழைய கிடங்கிலிருந்து துருவும் எலிப்புழுக்கையுமாக வந்து சேரும். இரண்டு வருடம் கழித்து முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளும் பளபளப்போடு வெளியே போகும். பட்டறையின் முன்பக்கம், கண்ணாடித் தடுப்புக்குள், இன்ஜின் கட்டும் இடம். அடுத்து, பிளாஸ்டிக் திரை தொங்கும் பெயிண்ட் அறை. மாடியில் சீட் தைப்பவர்கள். எல்லாவற்றுக்கும் பின்னால், கை கழுவும் குழாயை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி. அதுதான் அவளுடைய இடம்.

பட்டறையில் அவளுக்குப் பெயர் குமிழி. வயதில் சின்னவர்களுக்குக் குமிழிக்கா. ரேடியேட்டரின் வாய்களை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பிடிப்பாள். எங்காவது ஊசிமுனை ஓட்டை இருந்தால் அங்கிருந்து குமிழி வரும். வராவிட்டாலும் கால் மணி நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். "குமிழியே இல்லாத இடத்துல குமிழி தேடுறவ" என்று யாரோ கேலி பண்ணப் போக, அது ஒட்டிக்கொண்டது.

முப்பத்துநான்கு வயதில், தரை கூட்டும் வேலைக்கு வந்தவள். ஒரு நாள் காலையில் ரேடியேட்டர் பார்த்துக்கொண்டிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். தொட்டி ஓரம் ஆறு ரேடியேட்டர் குவிந்து கிடந்தது. "வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் ஒரு வாரம் பாத்துக்கோம்மா" என்றார் முதலாளி. அந்த ஒரு வாரம் பதினோரு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. வீணாய்ப்போன ரேடியேட்டர்களை ரம்பத்தால் இரண்டாக அறுத்து உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்தாள். பழைய புத்தகக் கடையில் ஒரு பள்ளிக்கூட இயற்பியல் புத்தகம் வாங்கி, வெப்பம் என்ற பாடத்தை அட்டை கிழியும்வரை படித்தாள். ஈயம் சொட்டிய தழும்பு இரண்டு முன்கையிலும் வரிசையாக இருக்கிறது.

வண்டி முடிந்து வெளியே போகும்போது கதவோரத்தில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு அடிப்பார்கள். இன்ஜின் இன்னார், பெயிண்ட் இன்னார், இருக்கை இன்னார் என்று பெயர் பொறித்திருக்கும். தண்ணீருக்குப் பெயர் கிடையாது. வண்டி கொதித்தால் மட்டும் தண்ணீர் யார் பார்த்தது என்ற கேள்வி வரும்.

அந்தப் பச்சை வண்டி கொதித்தது.

அது ஒரு பல் டாக்டருடைய வண்டி. நீண்ட மூக்கு, மூக்கு நுனியில் மீன் வாய் போல ஒரு திறப்பு, அதற்குப் பின்னால் ரேடியேட்டர். இரண்டு வருட வேலை முடிந்து முதல் ஓட்டத்திலேயே, நெடுஞ்சாலையில் பதினைந்தாவது கிலோமீட்டர் வளைவில், சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஆவி பறந்தது. இன்ஜினின் தலைப்பாகம் வளைந்து, அடியில் இருந்த கேஸ்கெட் எரிந்துபோனது. இன்ஜின் கட்டுபவர், எல்லோருக்கும் இன்ஜின்காரர், அதைச் சரிசெய்து மாட்டிவிட்டு, "ரேடியேட்டர் அடைப்பு" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னார்.

குமிழி ரேடியேட்டரைக் கழற்றி இருபது லிட்டர் தண்ணீரை ஊற்றி எவ்வளவு நேரத்தில் கீழே வருகிறது என்று பார்த்தாள். பதினோரு விநாடி. புதிதாகக் கட்டியபோதும் பதினோரு விநாடிதான், நோட்டில் எழுதியிருக்கிறது. சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேறு ரேடியேட்டர் கட்டினாள். அதே வளைவில் கொதித்தது. மூன்றாவதாக இன்னும் தடிமனாக ஒன்று. அதே வளைவு. நகரத்துக்குள் ஊர்ந்து போகும்போது ஒழுங்காக இருக்கிறது. நெடுஞ்சாலையில் அறுபதைத் தாண்டினால் முள் ஏறுகிறது.

"நின்னா கொதிச்சா விசிறி. ஓடினா கொதிச்சா ரேடியேட்டர். முப்பது வருஷமா இதுதான் கணக்கு" என்றார் இன்ஜின்காரர்.

பத்து வண்டிக்கு ஒன்பது வண்டியில் இந்தக் கணக்கு சரியாகவே வரும். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. ஒன்பது முறை சரியாக வந்த கணக்கைப் பத்தாவது முறை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. விடையை மட்டும் எழுதிவிடுகிறார்கள்.

டாக்டர் வேறொரு காரணம் வைத்திருந்தார். "சில பேர் கை பட்டா சில வண்டிக்கு ஒத்துக்காது. கை ராசின்னு ஒண்ணு இருக்கில்ல" என்றாராம். எக்ஸ்ரே எடுக்காமல் ஒரு பல்லைத் தொடமாட்டார் மனிதர். பல் என்றால் படம் வேண்டும்; ஒரு பெண்ணின் வேலை என்றால் ராசி போதும்.

செவ்வாய்க்கிழமை முதலாளி கூப்பிட்டனுப்பினார். அவருடைய அறையில் கண்ணாடி மேசை, மேசை மேல் வரிசையாகப் பொம்மைக் கார்கள்.

"உக்காரும்மா."

பதினோரு வருடத்தில் அந்த அறையில் அவளுக்கு நாற்காலி காட்டியது அதுவே முதல் முறை. விஷயம் நல்லதல்ல என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை பழைய வண்டியெல்லாம் சேந்து மலை ஏறுது. டாக்டர் அதுல போயே தீரணும்னு நிக்கறாரு. யார் தப்புன்னு எழுத்துல வேணுமாம். வேற வழியில்ல" என்று ஒரு தாளை நகர்த்தினார்.

ரேடியேட்டர் பிரிவின் கவனக்குறைவால் இன்ஜினுக்குச் சேதம் ஏற்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன் என்று தட்டச்சு செய்திருந்தது.

"பிரிவா? நான் ஒருத்திதானே சார் இருக்கேன்?"

"அதனாலதாம்மா பிரிவுன்னு போட்டிருக்கேன். உன் பேரே வரல பாரு."

"கீழ கையெழுத்து என்னோடதுதானே?"

முதலாளி ஒரு பொம்மைக் காரை நேராக வைத்தார்.

தாளின் அடியில் சாட்சிகள் என்ற இடத்தில் ஏற்கெனவே இரண்டு கையெழுத்து இருந்தது. ஒன்று பெயிண்டருடையது. மற்றது ஸ்டோர் பார்ப்பவருடையது.

"யாராவது அளந்து பாத்தாங்களா சார்?"

"அளக்க என்ன இருக்கு? ஆவி வந்ததை ஊரே பாத்துச்சு."

"ஆவி வந்ததைப் பாத்தாங்க. ஏன் வந்துச்சுன்னு பாத்தாங்களா?"

"இங்க பாரும்மா, போட்டுட்டா வண்டி கழுவுற இடத்துக்கு மாத்தறேன், வேலை இருக்கும். போடலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் யோசி."

கையெழுத்துப் போட்டால் தொட்டி போகும். போடாவிட்டால் வேலையே போகும். யோசிக்க மூன்று நாள்.

வெளியே வந்ததும் நேராக ஸ்டோருக்குப் போனாள். ஸ்டோர்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தத் தாளைப் படிச்சீங்களா?"

"எந்தத் தாள்?"

"காலைல கையெழுத்துப் போட்டீங்களே."

"ஓ, அதுவா. எங்க போடணும்னு கேட்டேன். காட்டினாரு. போட்டேன்." அவர் பொய் சொல்லவில்லை. இருபத்தைந்து வருட வேலையில் எந்தத் தாளைப் பார்த்தும் அவர் கேட்ட ஒரே கேள்வி 'எங்க?' என்பதுதான்.

பெயிண்டர் அவள் கண்ணைப் பார்க்காமல் பேசினான். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்கக்கா. உங்க கைக்கு அந்த வண்டி ஒத்துக்கலன்னு டாக்டரே சொல்றாரு. படிச்சவரு."

"சரி. என் கைக்கு ஒத்துக்காத வண்டி இன்னும் ஒண்ணே ஒண்ணு காட்டு. பதினோரு வருஷத்துல."

பெயிண்டர் தன் பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டான்.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். இரண்டு அறை வீடு. வாசல் பக்க அறையில் நாத்தனாரின் கம்பளி உருண்டைகள் நாற்காலி நாற்காலியாக உட்கார்ந்திருக்கும். அவள் ஸ்வெட்டர் பின்னி விற்பவள். புருஷன் நகரப் பேருந்து ஓட்டுகிறார். வீட்டுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டு காலைத் தண்ணீரில் வைத்திருப்பது அவர் வழக்கம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போட்டுடேன். கையெழுத்துதானே. வேலையாவது மிஞ்சும்" என்றார்.

நாத்தனார் ஊசியை நிறுத்தினாள். "ஏண்ணா, உன் பஸ் போய் கம்பத்துல இடிச்சா, கண்டக்டரைக் கூப்பிட்டு நான்தான் இடிச்சேன்னு எழுதிக் குடுன்னா குடுப்பானா?"

"அவன் எதுக்குக் குடுக்கறான்?"

"அப்ப அண்ணி மட்டும் எதுக்குக் குடுக்கணும்? அவங்க பொம்பளைன்னா இடிச்சதெல்லாம் அவங்க கணக்கா?"

அவர் காலைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அதற்கு மேல் 'போட்டுடு' என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

புதன்கிழமை. நெடும்பயணம் போய் வந்த ஒரு சிவப்பு வண்டியின் ரேடியேட்டர் சுத்தம் செய்ய வந்தது. எப்போதும் வருவது போலத்தான் வந்தது: முன்முகம் முழுக்கப் பூச்சி. தேனீ, ஈசல் இறகு, வெட்டுக்கிளியின் ஒரு கால், மஞ்சளாகப் பூசிக்கொண்ட என்னவோ ஒன்று. இதற்கென்று ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் வைத்திருக்கிறாள். தகட்டு வரிகளுக்கு நடுவே பிரஷ்ஷை ஓட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை நிறுத்தினாள்.

பச்சை வண்டியின் ரேடியேட்டரை மூன்று முறை கழற்றியிருக்கிறாள். மூன்று முறையும் பிரஷ்ஷை எடுத்த ஞாபகம் இல்லை. எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. ஒவ்வொரு முறையும் கட்டிக்கொடுத்தபோது இருந்தது போலவே, துடைத்துவிட்ட மாதிரி வந்தது. பதினைந்து கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடிய வண்டியில் ஒரு ஈசல்கூட ஒட்டவில்லை என்றால் என்ன அர்த்தம்?

டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பச்சை வண்டியின் முன்னால் மண்டி போட்டு, மீன் வாய்க்குள் தலையை விட்டாள். ரேடியேட்டரின் முகம் சுத்தம். அதற்கு இரண்டு பக்கமும் நான்கு விரல் அகலத்துக்கு இடைவெளி. வெளிச்சத்தை அந்த இடைவெளிக்குத் திருப்பினாள். உள்பக்கச் சுவரில், பளபளக்கும் பச்சைப் பெயிண்ட் மேல், பூச்சிகள் அப்பிக் கிடந்தன.

காற்று எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகத்தான் பூச்சியும் போயிருக்கிறது. ரேடியேட்டருக்குள் இரண்டுமே போகவில்லை.

ஸ்டோரில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோப்பு உண்டு. பிரிப்பதற்கு முன் எடுத்த படங்களும், எதை வைத்துக்கொள்வது எதைத் தூக்கிப் போடுவது என்ற பட்டியலும் இருக்கும். ஸ்டோர்காரரிடம் வாங்கிப் புரட்டினாள். ஒரு படத்தில் மூக்கின் உள்பக்கம் தெரிந்தது. ரேடியேட்டரைச் சுற்றி மேலே, பக்கவாட்டில், அடியில் என்று ஐந்து தகடுகள். கிரீஸும் மண்ணும் ஏறிக் கரிச்சட்டி மாதிரி இருந்தன. ஓரங்களில் மக்கிப்போன கம்பளிப் பட்டை. வாயில் நுழையும் காற்று வேறெங்கும் நழுவாமல் ரேடியேட்டருக்குள்ளேயே போகட்டும் என்று வண்டி செய்தவர்கள் கட்டிய கால்வாய் அது. பட்டியலில் எழுதியிருந்தது: முன்பக்க அழுக்குத் தகடு, ஐந்து, தேவையில்லை. சாய்ந்த எழுத்து. முதலாளியின் கையெழுத்தில்தான் பட்டறையின் எல்லாச் சம்பளத் தாளும் வரும். அடையாளம் கண்டுபிடிக்க டார்ச் தேவைப்படவில்லை.

இது இந்த மாதிரிப் பட்டறைக்காரர்களால் மட்டுமே செய்ய முடிந்த தவறு. சாதாரண மெக்கானிக் அழுக்கைத் தொடமாட்டான், தகடு தப்பித்திருக்கும். இவர்கள் இன்ஜின் மூடியைத் திறந்தால் கண் கூச வேண்டும் என்று பார்ப்பவர்கள். அசிங்கமாக இருந்த காரணத்தாலேயே அவசியமான ஒன்று குப்பைக்குப் போனது.

கோப்பை மூடினாள். பட்டியலைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. முதலில் தகடுதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை இன்ஜின்காரரிடம் பூச்சிகளையும் பழைய படத்தில் இருந்த தகடுகளையும் காட்டினாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அழுக்குத் தகடு இல்லன்னா வண்டி கொதிக்குமா? என்னம்மா சொல்ற? வாய்தான் தொறந்து கெடக்கே, காத்து உள்ள போகுதே."

"வாய் தொறந்தா போதுமாண்ணே? தொண்டைக்குள்ள எறங்க வேணாமா?"

"காத்துக்கு என்ன கண்ணா இருக்கு, ஓரமா பாத்துப் போக?"

"சினிமாக் கொட்டகை வாசல்ல டிக்கெட் கிழிக்கிறவன் நிக்கறான். பக்கத்துல வேலி பிஞ்சு கெடக்குது. எவன் வாசல் வழியா போவான்? ரேடியேட்டருக்குள்ள நுழையறது கஷ்டம்ணே, ஆயிரம் இடுக்கு. பக்கத்துல நாலு விரல் சந்து சும்மா கெடக்குது."

இன்ஜின்காரர் மீசையைத் தடவினார். "உள்ள அடைப்பு இல்லன்னு எப்படிச் சொல்ற?"

"மேல் குழாய், கீழ் குழாய், ரெண்டுலயும் தெர்மாமீட்டர் கட்டறேன். உள்ள அடைப்புன்னா தண்ணி மெதுவா போகும். மெதுவா போறது நல்லா ஆறிக் கீழ வரும். காத்து படலன்னா தண்ணி வேகமா போகும், ஆறாமலே கீழ வரும். நீங்களே எண்ணைப் பாத்துச் சொல்லுங்க."

"சரி, கட்டு" என்றார். அவர் கெட்டவர் அல்ல. முப்பது வருடமாக யாரும் எதிர்க்கேள்வி கேட்காததால் கெட்டுப்போன நல்லவர்.

இன்னொரு சந்தேகமும் அவளுக்கு இருந்தது. இரண்டாவது முறை கொதித்தபோது, சூடு வெளியேறட்டும் என்று பெயிண்டர் இன்ஜின் மூடியான பானட்டின் பின் ஓரத்தை, கண்ணாடிக்குக் கீழே, வாஷர் வைத்து ஒரு விரல் உயர்த்தியிருந்தான். முந்தின நாள் சாயங்காலமே நாத்தனாரிடம் சிவப்புக் கம்பளி நூல் கேட்டு வாங்கி வைத்திருந்தாள்.

"எதுக்கு அண்ணி, காருக்கு ஸ்வெட்டரா?"

"அதுக்குத்தான் ஏற்கெனவே வேர்க்குதே."

அந்த நூலைச் சாண் சாணாக வெட்டிப் பானட்டின் பின் ஓரம் நெடுக ஒட்டினாள். பதினைந்தாவது கிலோமீட்டர் வரைக்கும் ஓட்டிக் காட்டுங்கள் என்று முதலாளி சொல்லியிருந்ததால் டாக்டர் வந்தார். நூல்களைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னம்மா இது, வண்டிக்குப் பின்னல் போட்டிருக்கீங்களா?"

"ரிப்பன் வாங்க நேரமில்லைங்க டாக்டர். நீங்க ரோட்டைப் பாருங்க, நான் சொல்லும்போது நூலைப் பாருங்க."

பக்கத்து இருக்கையில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தாள். அவள் கைவைத்த வண்டிகளில் அவள் உட்கார்ந்து போவது அதுதான் முதல் தடவை. தரை ஒரு முழத்தில் ஓடியது. ஐம்பது, அறுபது, எழுபது.

"இப்பப் பாருங்க."

சூடான காற்று அந்த இடுக்கு வழியாக வெளியே வருவதாக இருந்தால் நூல்கள் கண்ணாடியை நோக்கிப் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் மடங்கி, இடுக்குக்குள் தலையை நுழைத்துக்கொண்டு துடித்தது.

"உள்ள போகுதே!" என்றார் டாக்டர்.

"கண்ணாடியில முட்டின காத்து அங்கதான் தேங்குது. வெளிய வர வழின்னு நினைச்சீங்க. அது உள்ள போற வழி. பின்னாடி இதுல ஏறுது, ரெண்டு பக்கச் சந்துல ஏறுது, அடியில தகடு இல்லாததால கீழேருந்தும் ஏறுது. பஸ் நிரம்பிடுச்சு. அப்புறம் முன்படியில யார் ஏற முடியும்? ரேடியேட்டர் வாசல்ல காத்து நிக்குது, உள்ள எடமில்ல. மெதுவா போகும்போது இன்ஜின் சூடும் கம்மி, விசிறியே சமாளிச்சிடுது. வேகத்துல விசிறியால ஆகாது, ரோட்டுக் காத்துதான் வேலை செய்யணும். அது வரவே இல்ல."

வளைவு வந்தது. முள் ஏறியது. ஓரமாக நிறுத்தச் சொல்லித் தெர்மாமீட்டர்களைப் படித்தாள். மேலே நூற்றிரண்டு, கீழே தொண்ணூற்றெட்டு; நாலு டிகிரிதான் ஆறியிருந்தது. எழுதி, நேரமும் போட்டு, டாக்டரிடம் நோட்டை நீட்டினாள்.

"நீங்க பாத்ததுதான். பாத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

டாக்டர் எண்களை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் போட்டார். அந்த வாரம் அந்தப் பட்டறையின் தாள்களில் படித்துப் பார்த்துப் போடப்பட்ட ஒரே கையெழுத்து அது.

வெள்ளிக்கிழமை காலை, குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையை விரித்து, படத்தைப் பார்த்து ஐந்து துண்டு வெட்டினாள். ஓரங்களில் நாத்தனாரின் கழிவுக் கம்பளியை மடித்து ஒட்டினாள். ரேடியேட்டரைச் சுற்றி நெருக்கமாகச் செருகி, பழுப்பு டேப்பால் இழுத்துக் கட்டினாள். பானட் வாஷர்களைக் கழற்றினாள். சீட் தைப்பவர்கள் மாடிப்படியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "குமிழிக்கா, மேல 'கவனமாகக் கையாளவும்'னு போட்டிருக்கு, அது வெளிய தெரியற மாதிரி ஒட்டுங்க!" என்று ஒருத்தி கத்தினாள்.

முதலாளி நெற்றியைச் சுருக்கினார். "மூணு ரேடியேட்டர் மாத்தியும் நிக்காதது அட்டையில நிக்குமா?"

"நிக்கலன்னா சாயங்காலம் உங்க தாள்ல போடறேன் சார்."

டாக்டர் மறுபடி வந்து ஸ்டீயரிங் பிடித்தார், குமிழி நோட்டோடு பக்கத்தில் ஏறினாள்.

பதினைந்தாவது கிலோமீட்டரில் வளைவு வந்தது. முள் எண்பத்திரண்டில் நின்றது. டாக்டர் வேகத்தைக் கூட்டினார். அப்போதும் எண்பத்திரண்டு. மலை அடிவாரம்வரை போய், இரண்டு கொண்டை ஊசி வளைவு ஏறினார். எண்பத்தைந்து, இறங்கியதும் பழையபடி எண்பத்திரண்டு. தெர்மாமீட்டர்களில் மேலுக்கும் கீழுக்கும் பதினொரு டிகிரி வித்தியாசம்.

திரும்பி வந்ததும் பட்டறை வாசலில் டாக்டரை மண்டி போட வைத்து, டார்ச்சைக் கையில் கொடுத்தாள். ரேடியேட்டரின் முகம் முழுக்கப் பூச்சி. நடுவில் ஒரு வண்ணத்துப்பூச்சியின் பாதி இறகு.

"அற்புதம்மா! உங்க கை ராசியான கைதான்!" என்றார்.

"கை ராசி இல்லைங்க டாக்டர். அட்டைப் பெட்டி" என்றாள் குமிழி.

சாயங்காலம் முதலாளி மறுபடி கூப்பிட்டார். மறுபடி நாற்காலி. பழைய தாளின் குறுக்கே கோடிட்டு 'ரத்து' என்று எழுதியிருந்தார். பக்கத்தில் ஸ்டோர்காரரின் சாட்சிக் கையெழுத்தும் இருந்தது. அதற்கும் எங்கே என்று மட்டும் கேட்டிருப்பார்.

"உன் மேல தப்பில்லன்னு ஆயிடுச்சு. சந்தோஷம்தானே?" என்று புதிய தாள் ஒன்றை நகர்த்தினார். "டாக்டருக்கு இன்னும் எழுத்துல குடுக்க வேண்டியிருக்கு. நீ சாட்சி போட்டுடு."

பெயிண்ட் பிரிவின் கவனக்குறைவால் அத்தியாவசியத் தகடுகள் குப்பையில் எறியப்பட்டன என்பதை ஒப்புக்கொள்கிறேன். கீழே பெயிண்டரின் பெயர். முதல் சாட்சி, ஸ்டோர்காரர். இரண்டாம் சாட்சிக்கு இடம் காலியாக இருந்தது.

குமிழி தாளைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"அவன் எறிஞ்சதை நான் பாக்கல சார்."

"அவன்தாம்மா தூக்கிட்டுப் போனான். அவனே சொல்றான். உன் மேல கையெழுத்துப் போட்டவன்தானே அவன்? உனக்கென்ன வந்துச்சு?"

"தூக்கிட்டுப் போனான், சரி. தூக்கச் சொன்னது யாரு?" ஸ்டோரிலிருந்து கொண்டுவந்து மடியில் வைத்திருந்த கோப்பைத் திறந்து பட்டியலை மேசையில் வைத்தாள். சாய்ந்த எழுத்து மேலே தெரிந்தது. "நான் கையெழுத்துப் போடறேன் சார். ஆனா ஒரு வரி சேக்கணும். 'தேவையில்லை'ன்னு எழுதினது யாருன்னு. இதை நான் பாத்தேன், இதுக்கு சாட்சி போடலாம்."

முதலாளி தன் எழுத்தைப் பார்த்தார். பிறகு புதிய தாளை நான்காக மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். கிழிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. "நாளைக்கு அலுமினியத்துல தகடு வெட்டச் சொல்லு" என்றார்.

வெளியே கை கழுவும் குழாயடியில் பெயிண்டர் நின்றிருந்தான். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் உங்களுக்கு எதிரா போட்டேன்."

"தெரியும்."

"நீங்க ஏன் எனக்கு எதிரா போடல?"

"நான் பாக்கலியே. குழாயை மூடு."

சனிக்கிழமை இருவருமாக ஐந்து தகடு வெட்டினார்கள். ஓரங்களுக்கு நாத்தனாரின் சிவப்புக் கம்பளி. ஞாயிற்றுக்கிழமை பச்சை வண்டி மலை ஏறியது. அவளை யாரும் கூப்பிடவில்லை, வீட்டில் துணி துவைத்தாள். கதவோரப் பித்தளைத் தகட்டில் இன்றுவரை அவள் பெயர் இல்லை. "ஓடினா கொதிச்சா முதல்ல தகடு இருக்கான்னு பாரு. முப்பது வருஷமா இதுதான் கணக்கு" என்று இன்ஜின்காரர் இப்போது எல்லோருக்கும் சொல்கிறார். அந்தத் திங்கட்கிழமை பச்சை வண்டியின் ரேடியேட்டர் சுத்தம் செய்யத் தொட்டிக்கு வந்தது. குமிழி பல் பிரஷ்ஷை எடுத்தாள். வேலை இருந்தது.

முதலாளியின் இழுப்பறையில் மடித்த தாள் இன்னும் இருக்கிறது. ஒரு சாட்சிக்கு இடம் காலியாகவே இருக்கிறது. அது மாதிரி ஒரு தாள் உங்கள் மேசைக்கும் வரும். வரும்போது நீட்டிய பேனாவை வாங்காதீர்கள். எங்கே போடுவது என்று கேட்காதீர்கள். அளந்தது யார் என்று கேளுங்கள்; நான் போய் என் கண்ணால் பார்க்கலாமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.